கேட்காத சூடு

ராயப்பேட்டையில் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு நான் மேற்கே பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் இட்ட திருமண் வியர்வையில் பாதி கரைந்திருந்தது. என்னைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர். எல்லாரும் தலையில் தொப்பியோடு மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள். தெரியாவிட்டால் இன்னும் ஒரு நோன்பு.

"சார், உங்களுக்கு இன்னாத்துக்கு பிறை?" என்று ஒருவர் கேட்டார்.

"மாவு" என்றேன்.

அவர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டுச் சற்றுத் தள்ளி நின்றுகொண்டார்.

பஷீர் பாய் எனக்குப் பக்கத்தில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். மூன்று மாடி ஏறியது அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அவருடைய பேக்கரியும் எங்கள் மாவுக் கூடமும் ஒரே சுவரின் இரண்டு பக்கங்கள். அவருடைய விறகு அடுப்பின் சூட்டில்தான் எங்கள் இட்லி மாவு பொங்கிக்கொண்டிருந்தது. பெருநாள் என்றால் அடுப்புக்கு விடுமுறை. அடுப்புக்கு விடுமுறை என்றால் எங்கள் மாவுக்கும் விடுமுறை. இதை எங்களிடம் மாவு வாங்கும் தி.நகர் கேன்டீன்காரரிடம் சொன்னால் அவர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

இன்னொரு விஷயமும் இருந்தது. அந்த அடுப்பின் புகை பாயின் நெஞ்சுக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அடுப்பு இருந்தால் எங்கள் மாவு பிழைக்கும். அடுப்பு போனால் பாயின் நெஞ்சு பிழைக்கும். இது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இரண்டு பேரும் ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை. மேகத்தைப் பற்றிப் பேசினோம்.

குளிர்ச்சி, சூடு, மறுபடி குளிர்ச்சி

போன வாரம் இந்தப் பத்தியில் நான் எழுதிய கிரைண்டர் வாங்கிய கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "இட்லி மாவில் அப்படி என்ன தொழில்நுட்பம் இருந்துவிடப் போகிறது?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். நியாயமான கேள்வி. நானும் ராஜியிடம் அதைத்தான் கேட்டேன்.

ராஜி என் மனைவி. வங்கியில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு மாவு வியாபாரம் தொடங்கினாள். நான் வயதாகி ஓய்வு பெற்று, அவளிடம் வேலைக்குச் சேர்ந்தேன். இரண்டு ஓய்வுக்கும் வித்தியாசம் உண்டு. அவள் விரும்பி வாங்கியது.

வீட்டில் மாவு அரைப்பது ஒரு விஷயமே இல்லை. அரைத்து, உப்புப் போட்டு, கையால் கலந்து, மூடி வைத்துவிட்டுத் தூங்கப் போய்விடலாம். மாவு தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். கூடத்தில் அப்படி முடியாது. பெரிய கிரைண்டரில் உளுந்து அரைபடும்போது சூடாகிவிடும். சூடான உளுந்து உபரி காணாது, அதாவது நுரைத்துப் பெருகாது. அதனால் ஐஸ் தண்ணீர் விட்டு அரைக்க வேண்டும். ஐஸ் தண்ணீரில் அரைத்த மாவு ஜில்லென்று உட்கார்ந்திருக்கும், புளிக்காது. அதனால் அதைச் சூடான அறையில் வைக்க வேண்டும். புளித்த மாவைச் சும்மா விட்டால் நிறுத்தத் தெரியாமல் புளித்துக்கொண்டே போகும். அதனால் உடனே குளிர்பதன அறைக்குள் தள்ள வேண்டும்.

ஆக, மின்சாரம் செலவழித்துக் குளிர வைக்கிறோம். பிறகு மின்சாரம் செலவழித்து அந்தக் குளிர்ச்சியைப் போக்குகிறோம். பிறகு மறுபடி மின்சாரம் செலவழித்து அந்தச் சூட்டைப் போக்குகிறோம். ஒவ்வொரு இயந்திரமும் அதற்கு முந்தைய இயந்திரம் செய்ததை அழிப்பதற்காகவே வாங்கப்பட்டது. சாலை போட்ட மறு வாரம் கேபிளுக்காகத் தோண்டுவதை மட்டும்தான் நான் அதற்கு முன் இப்படிப் பார்த்திருந்தேன்.

மற்றவர்களைக் குளிர வைத்தவன்

இதில் வேடிக்கை, என் உத்தியோகமே ஏர்கண்டிஷனிங். வேலை பார்த்த காலம் முழுவதும் மற்றவர்களைக் குளிர வைப்பதிலேயே கழிந்தது.

தி.நகரில் ஒரு ஜவுளிக்கடைக்கு நான் ஏசி போட்டுக் கொடுத்தேன். உள்ளே பட்டுப் புடவை பார்க்க வந்தவர்கள் புடவையை எடுத்துப் போர்த்திக்கொண்டார்கள். முதலாளிக்குப் பரம சந்தோஷம். போர்த்திய புடவையைத் திருப்பிக் கொடுக்க மனம் வராது என்றார்.

உள்ளே எடுத்த சூடு எங்கேயாவது போக வேண்டும் அல்லவா? பின்பக்கச் சந்தில் கரும்புச்சாறு விற்றுக்கொண்டிருந்தவரின் முகத்துக்கு நேராகப் போனது. மன்னிப்புக் கேட்கலாம் என்று போனேன். அவர் ஒரு டம்ளர் சாறு கொடுத்தார்.

"நீங்க வந்ததுலேர்ந்து நல்லா ஓடுது சார். இந்தப் பக்கம் வர்றவன் எல்லாம் தாகம் தாகம்னு வந்து நிக்கிறான்."

எங்கள் தொழிலில் அந்தச் சூட்டுக்குக் கழிவு என்று பெயர். அதை எவ்வளவு தூரத்தில் கொண்டுபோய்க் கொட்டுகிறோம் என்பதுதான் கெட்டிக்காரத்தனம். கொட்டிய பிறகு அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிற பழக்கம் எங்களுக்குக் கிடையாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொல்லமாட்டேன். எனக்கே ஞாபகம் இல்லாமல்தான் இத்தனையும் நடந்தது.

ஜுரம் அடித்த சுவர்

ராயப்பேட்டைக் கூடத்தை வாடகைக்கு எடுத்த முதல் வாரம், ராஜி களைத்துப்போய்ச் சுவரில் சாய்ந்தவள் உடனே நிமிர்ந்தாள்.

"ஏன்னா, இந்தச் சுவத்துக்கு ஜுரம் அடிக்கறது."

தொட்டுப் பார்த்தேன். உண்மைதான். சுவர் விரிசல் விட்டு எங்கள் தலையில் விழுமோ என்று கேட்பதற்காகப் பக்கத்துக் கடைக்குப் போனேன். அப்படித்தான் பஷீர் பாயைப் பார்த்தேன். கைலியும் பனியனுமாக, அடுப்பு வாய்க்கு முன்னால், நீளமான கட்டையால் பன் தட்டுகளை இழுத்துக்கொண்டிருந்தார். அவருடைய அப்பா காலத்துச் செங்கல் அடுப்பு. விடிவதற்கு முன் பற்றவைத்தால் மத்தியானம் வரை எரியும். அணைத்த பிறகும் சாயங்காலம் வரை கல்லில் சூடு நிற்கும்.

"சுவரு எல்லாம் ஸ்ட்ராங்கா கீது சார். பயப்படாதீங்க" என்றார். பிறகு நான் மாவுக்காரன் என்று தெரிந்துகொண்டு, "மாவுக்கு சூடு வோணுமே, இன்னா பண்றீங்க?" என்றார்.

ஹீட்டர் என்றேன்.

"ஹீட்டரா? இங்க சூடு அதுபாட்டுக்குப் புகைக்கூண்டு வழியா மேல போய்க்கினு கீது. எடுத்துக்கோங்க சார்."

நான் கேட்கவில்லை. அவராகவே கொடுத்தார். வாடகை மாதிரி ஏதாவது வாங்கிக்கொள்ளுங்கள் என்று ராஜி சொல்லி அனுப்பியதற்கு, "மேல போற சூட்டுக்கு இன்னா மாமி வாடகை, மேல கீறவன் கிட்ட கேளுங்க" என்று பதில் வந்தது.

புகைக்கூண்டின் அடியில் செப்புக் குழாயைச் சுற்றினேன். அதில் தண்ணீர் ஓடிச் சூடாகி, சுவரைத் துளைத்து எங்கள் பக்கம் வந்து, புதுப்பேட்டையில் வாங்கிய பழைய லாரி ரேடியேட்டர் வழியாகச் சுற்றிவிட்டுத் திரும்பிப் போகும். ரேடியேட்டருக்குப் பின்னால் ஒரு மின்விசிறி. மாவு புளிக்கும் அறை கதகதவென்று ஆனது. ஹீட்டர்களைக் கழற்றிப் பரண்மேல் போட்டோம். காலையில் அரைத்தால் சாயங்காலம் மாவு மூடியைத் தூக்கிக்கொண்டு நின்றது. ராஜி அன்று என்னைப் பாராட்டினாள். தேதியைக் குறித்து வைக்காமல் விட்டுவிட்டேன்.

படத்தில் பாய்

எப்படியோ இந்தச் சேதி வெளியே பரவி, அடையாறில் ஒரு கருத்தரங்கில் பேசக் கூப்பிட்டார்கள். உணவு பதப்படுத்தும் தொழில்நுட்பங்களை ஒருங்கிணைத்து, சுற்றுச்சூழலுக்கு உகந்த முறையில் உற்பத்தி செய்வது எப்படி என்பது தலைப்பு. அழைப்பிதழில் தலைப்பு மட்டும் மூன்று வரி வந்தது.

பஷீர் பாயையும் அழைத்துப் போனேன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, அத்தர் வாசனை, முதல் வரிசை. நான் திரையில் ஒரு படம் காட்டினேன். இடது பக்கம் ஒரு பெட்டி, வலது பக்கம் நிறையப் பெட்டிகள், நடுவில் அம்புக்குறிகள். ஒரு தொழிலின் கழிவு இன்னொரு தொழிலின் மூலப்பொருள் என்று சொன்னேன். கைதட்டினார்கள். அந்த நேரம் பார்த்து பாய்க்கு இருமல் வந்தது. சாதாரண இருமல் இல்லை. ஆரம்பித்தால் ஆளையே குலுக்கிவிட்டுத்தான் நிற்கும். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். நான் அடுத்த படத்துக்குப் போனேன்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் கேட்டார்.

"சார், அந்தப் படத்துல நான் எங்க கீறேன்?"

"அந்த இடது பக்கத்துப் பெட்டி பாய்."

"அதுல இன்னா எழுதியிருந்துச்சு?"

"வெப்ப ஆதாரம்."

"நல்ல பேருதான்" என்றார்.

அந்த வாரம்தான் பாயின் மனைவி ராஜியிடம் விஷயத்தைச் சொன்னார். புகையை விட்டு விலகுங்கள், கரண்ட் அடுப்புக்கு மாறுங்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். பாய் காதில் போட்டுக்கொள்ளவில்லை. விறகு அடுப்பு ருசி வேறு எதிலும் வராது என்கிறாராம்.

அதை நானும் கேட்டிருக்கிறேன். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பாய் அதைத்தான் சொல்வார். "கரண்டுல சுட்டா அது பன்னா சார்? பஞ்சு."

"நீங்க போய் ஒரு வார்த்தை சொல்லுங்கோளேன்" என்றாள் ராஜி.

"என்னன்னு?"

"அடுப்பை மாத்தச் சொல்லி."

"மாத்திட்டா நம்ம மாவு?"

நான் போகவில்லை. அவருக்கு அந்த அடுப்பின் மேல் உயிர், நாம் யார் சொல்ல என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாகவும் இருந்தது.

ஃப்ரிட்ஜைத் திறந்துகொண்டு

பிறகு ரமலான் வந்தது. என் திட்டத்தில் தண்ணீரின் வேகம், குழாயின் கனம், அறையின் ஈரப்பதம் எல்லாம் இருந்தது. ரமலான் இல்லை. மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவன் போட்ட திட்டம். பங்குனி உத்திரத்துக்கும் அறுபத்துமூவருக்கும் எந்தத் தெருவில் வண்டி போகாது என்று கூடக் குறித்து வைத்திருந்தேன்.

நோன்பு மாதத்தில் பாய் காலையில் அடுப்பைப் பற்றவைப்பதில்லை. நோன்பு திறக்கும் நேரத்துக்குச் சூடாகக் கொடுக்க வேண்டும் என்று மத்தியானத்துக்குமேல் பற்றவைப்பார், வழக்கத்தைவிடப் பெரிய நெருப்பு. எங்கள் மாவு காலை முழுவதும் ஜில்லென்று சும்மா கிடந்தது. மத்தியானத்துக்குமேல் திடீரென்று அனல். சாயங்காலம் பார்த்தால் பாதிதான் பொங்கியிருந்தது. வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று அப்படியே பாக்கெட் போட்டுக் குளிர்பதன அறையில் அடுக்கினோம். உள்ளே சூட்டை வைத்துக்கொண்டிருந்த மாவு, மீதிப் பாதியைப் பாக்கெட்டுக்குள் போன பிறகு பொங்கிக்கொண்டது.

மறுநாள் காலை முதல் தொலைபேசி மயிலாப்பூரிலிருந்து. ஒரு மாமி. கோபமே இல்லாத குரல்.

"உங்க மாவு எங்காத்து ஃப்ரிட்ஜைத் திறந்துண்டு வெளில வந்துண்டிருக்கு. உள்ள போன்னா கேக்க மாட்டேங்கறது. நான் என்ன பண்ணட்டும்?"

தி.நகர் கேன்டீனில் அவ்வளவு நயமாகப் பேசவில்லை. இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்று ஒரே வரி. எங்கள் மாவில் பாதி அங்கேதான் போனது. அந்த ஆர்டர் போனால் கூடத்தை மூட வேண்டியதுதான். ராஜி அன்று சாப்பிடவில்லை.

அன்றிலிருந்து அரைக்கும் நேரத்தைப் பாயின் அடுப்பு நேரத்துக்கு மாற்றிக்கொண்டோம். மாதத்தின் மீதி நாட்களில் சிக்கல் இல்லை. பெருநாள் ஒன்றுதான் பாக்கி. அன்றைக்கு அடுப்பு அடியோடு கிடையாது. ஆனால் மறுநாள் காலை கேன்டீனுக்கு மாவு போயாக வேண்டும். அதனால்தான் மொட்டை மாடிக்குப் போய் நின்றேன்.

மேகம் விலகவே இல்லை. நாங்கள் யாரும் பிறையைப் பார்க்கவில்லை. வேறு ஊரில் பார்த்தார்கள் என்று ஒருவருடைய கைபேசி சொன்னது, பிறகு எல்லாருடைய கைபேசியும் சொன்னது. கட்டித் தழுவிக்கொண்டார்கள். என்னையும் தழுவிக்கொண்டார்கள். நான் சிரித்தபடி மனத்துக்குள் உளுந்தைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

பாய் என் முகத்தைப் பார்த்தார்.

"நாளைக்கு தொழுகை முடிச்சிட்டு வந்து கொஞ்சமா பத்த வச்சிட்டுப் போறேன் சார். மாமிகிட்ட சொல்லுங்க."

"வேண்டாம் பாய். பெருநாள் அன்னிக்கு நீங்க அடுப்பு கிட்டயே வரக் கூடாது."

"அப்போ மாவு?"

"வேற ஏற்பாடு பண்ணியாச்சு" என்றேன். ஒரு ஏற்பாடும் இல்லை. புதுச் சட்டை போட்டுக்கொண்டு அந்த மனிதர் எனக்காகப் புகையில் வந்து நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இறங்கும்போது ஒவ்வொரு படிக்கட்டு வளைவிலும் நின்று நின்று இறங்கினார். நான் பின்னால்.

சந்தில் ஒரு நைட்டி

மறுநாள் காலை நான் செய்த ஏற்பாடு இது: பரணிலிருந்து எடுத்த ஹீட்டர்களில் ஒன்று கூட வேலை செய்யாததால், காஸ் அடுப்பில் அண்டா அண்டாவாக வெந்நீர் போட்டு, வாளி வாளியாகப் புளிக்கும் அறைக்குள் தூக்கி வைத்தேன். ஆறியதும் வெளியே எடுத்துக் கொட்டினேன். சுற்றுச்சூழலுக்கு உகந்த உற்பத்தி என்று கைதட்டியவர்கள் யாரும் அன்று அந்தப் பக்கம் வரவில்லை, நல்ல காலம்.

கூடத்துக்குப் பின்னால் ஒரு சந்து. வெயில் எட்டிக்கூடப் பார்க்காத இடம். அங்கே வாளியைக் கொட்டப் போனபோது முகத்தில் ஏதோ மொறமொறவென்று அறைந்தது. ஒரு நைட்டி.

அது தேவியுடையது. தேவி எங்கள் கூடத்தில் மாவு அரைப்பவள். அவள் குடும்பம் முன்பு கூவம் கரையில் இருந்தது. இப்போது ஊருக்கு வெளியே அடுக்குமாடிக் குடியிருப்பு. அங்கே தண்ணீர் வரும் நேரத்தில் அவள் பஸ்ஸில் இருப்பாள். அதனால் துணியைப் பையில் எடுத்துவந்து எங்கள் கூடத்தில் துவைத்துச் சந்தில் உலர்த்துவாள். தொழிற்கூடத்தின் பின்புறம் இப்படியா இருப்பது என்று நான் அவளிடம் பலமுறை சண்டை போட்டிருக்கிறேன்.

"தேவி, இன்னிக்குத்தானே பெருநாள். இன்னிக்குமா துணி?"

"பெருநாளுக்கும் துணிக்கும் இன்னா சார்? இப்பத்தான் தொவச்சிப் போட்டேன்."

"இப்பவா?"

"நீங்க மொத அண்டா வச்சீங்களே, அப்போ."

மறுபடி தொட்டுப் பார்த்தேன். வெயிலே படாத சந்தில், ஒரு மணி நேரத்துக்குள், அப்பளமாகக் காய்ந்திருந்தது. மெதுவாகத் திரும்பினேன். கொடிக்குப் பின்னால் எங்கள் குளிர்பதன அறையின் அவுட்டோர் யூனிட். நானே தேர்ந்தெடுத்து, நானே இடம் பார்த்து வைத்தது. உள்ளே இருக்கிற மாவிலிருந்து பிடுங்கிய சூட்டையெல்லாம் எடுத்துச் சந்தில் ஊதிக்கொண்டிருந்தது. நாள் முழுவதும், நிற்காமல், தேவியின் துணி மேல்.

என் வாழ்நாள் முழுவதும் பார்த்த தொழில் அது. எங்கள் சூட்டைச் சந்தில் கொட்டிவிட்டு, பக்கத்துக் கடைக்காரர் நெஞ்சிலிருந்து சூட்டை எடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். காலி வாளியோடு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். வெட்கமாக இருந்தது, சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றும் இல்லை.

ராஜி வந்து பார்த்தாள். நைட்டியைப் பார்த்தாள், யூனிட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஏன்னா, நீங்க ஏசி இன்ஜினியர்தானே?"

பதில் எதிர்பார்த்துக் கேட்ட கேள்வி இல்லை அது.

மூன்று பேருமாக மாவு டிரம்களைச் சந்துக்கு உருட்டினோம். மூடிகளை இறுக்கிக் கட்டி, மேலே தார்ப்பாயைக் கூடாரம் மாதிரி இழுத்தோம். தேவி துணியை எடுக்க மறுத்துவிட்டாள். சாயங்காலம் திறந்தபோது, நைட்டிகளுக்கும் பாவாடைகளுக்கும் நடுவே மாவு மெத்தென்று பொங்கி நின்றது. ராஜி ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுநாள் கேன்டீனிலிருந்து புகார் இல்லை. அவர்கள் ஊரில் பாராட்டு என்றால் அதுதான்.

அடுத்த சில வாரங்களில் ஒரு தகரவேலைக்காரரை வைத்து, யூனிட்டின் அனல் காற்றைப் புளிக்கும் அறைக்குள் கொண்டுபோக ஒரு டக்ட், அதாவது தகரக் காற்றுக்குழாய், அடித்தோம். நடுவில் ஒரு தகர மடல். அறைக்குப் போதுமான சூடு வந்ததும் மடலைத் திருப்பினால் மீதிக் காற்று சந்துக்குப் போகும். "அப்போ என் துணி எங்க காயும்?" என்று தேவி வேலையை நிறுத்திவிட்டு நின்றதால், மடலின் வெளிப்பக்கம் ஒரு கம்பியும் வைத்துக் கொடுத்தோம். மாவைக் குளிர வைக்கும்போது வெளியேறுகிற சூட்டில் மாவு புளிக்கிறது, புளித்தது போக மீதியில் துணி காய்கிறது. மறுபடி கருத்தரங்குக்குக் கூப்பிட்டால் படத்தில் ஒரு பெட்டி கூடும்.

வேண்டாம் என்று சொல்லப் போனது

இதை பாயிடம் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன். வழி என்பது சுவரைச் சுற்றிக்கொண்டு போகிற தூரம்தான். அதனால் யோசித்து முடிக்கவில்லை.

"பாய், இனிமே உங்க சூடு எங்களுக்கு வேண்டாம்" என்றேன்.

தட்டைத் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"இன்னா சார்? எதுனா தப்பாயிடுச்சா?"

"ஐயோ, இல்ல பாய். எங்க சூடே எங்களுக்குப் போதும்னு இப்பத்தான் தெரிஞ்சுது."

சந்து, நைட்டி, டக்ட் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். நடுவில் ஒரு தடவை இருமல் வந்து, குனிந்து, நிமிர்ந்தார். பிறகு என்னிடம் அனுமதி கேட்பது போலக் கேட்டார்.

"அப்போ... அடுப்ப எடுத்துடலாமா சார்?"

எனக்குப் புரியவில்லை. "அது உங்க அடுப்பு பாய்."

"ஆமா சார். டாக்டரு சொன்னவுடனேயே கரண்ட் அடுப்புக்கு சொல்லி வச்சிட்டேன். அவங்க கூட எப்போ அனுப்பறதுன்னு போன் பண்ணிக்கினே கீறாங்க. பக்கத்துல நீங்க கீறீங்களேன்னு தள்ளிப் போட்டுக்கினே வந்தேன்."

"விறகு அடுப்பு ருசி வராதுன்னு எல்லார்கிட்டயும் சொன்னீங்களே."

"வேற இன்னா சொல்றது? வீட்ல கேக்கறாங்க, கடைக்கு வர்றவங்க கேக்கறாங்க. பக்கத்து மாவுக்காகன்னா சொல்ல முடியும்? உங்க காதுல விழுந்தா சங்கடப்படுவீங்க."

கடைக்குள் பன் வாசனையும் புகையும் கலந்து நின்றது.

"பாய், அடுப்பை வச்சிருங்கன்னு நான் உங்களைக் கேக்கவே இல்லையே."

"அதான் சார்" என்றார். "கேட்டிருந்தா முடியாதுன்னு சொல்லியிருப்பேன். நீங்கதான் கேக்கவே இல்லையே."

தட்டை மறுபடி துடைக்க ஆரம்பித்தார். அவருக்கு அந்த அடுப்பின் மேல் உயிர் என்று நானும், எனக்கு அந்தச் சூடு இல்லாவிட்டால் பிழைப்பில்லை என்று அவரும் நினைத்துக்கொண்டு, ஒருவர் மனம் நோகாமல் இன்னொருவர் பார்த்துக்கொண்டோம். அந்த மரியாதையின் புகை முழுவதும் ஒருவர் நெஞ்சுக்குள்ளேயே போயிருக்கிறது.

புது பன்

செங்கல் செங்கலாக அடுப்பை எடுத்தார்கள். செப்புக் குழாயைக் கழற்றி, சுவரில் இருந்த துளையை நானே சிமெண்டு வைத்துப் பூசினேன். பளபளவென்று ஒரு இரும்புப் பெட்டி வந்து அந்த இடத்தில் உட்கார்ந்தது.

அதற்குப் பிறகு சில மாதங்கள் போயிருக்கும். ஒரு காலை, அரைத்து முடித்துக் கிரைண்டர்களை நிறுத்திக் கழுவிக்கொண்டிருந்தோம். ராஜி குழாயை மூடிவிட்டுத் தலையைத் தூக்கினாள்.

"ஏன்னா, பாய் பக்கத்துலேர்ந்து ஒண்ணுமே கேக்கலையே."

தேவியும் நின்று கவனித்தாள். கிரைண்டர் ஓயும் அந்த நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் பாயின் இருமல் ஒரு தரமாவது கேட்கும். வேலை நடுவே எங்களுக்கே தெரியாமல் அதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறோம். அன்று ஒன்றும் இல்லை. முந்தின நாள் கேட்டதா, அதற்கு முந்தின நாள் கேட்டதா என்று யோசித்தால் ஒருவருக்கும் நினைவில்லை. ஈரக் கையோடு, செருப்புக்கூடப் போடாமல், சுவரைச் சுற்றிக்கொண்டு ஓடினேன்.

பாய் கடை வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். கால்மேல் கால்.

"இன்னா சார், வெறுங்கால்ல ஓடியாந்துகினு?"

"ஒண்ணும் கேக்கலை பாய். அதான் வந்தேன்."

என்ன சொல்கிறேன் என்று அவருக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. புரிந்ததும் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"இனிமே கேக்காது சார்" என்றார். "கேக்கலன்னாலும் வந்துகினு இருங்க."

உள்ளே போய், இரும்புப் பெட்டியிலிருந்து எடுத்த பன் ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். வெளுத்துப்போய் இருந்தது. கடித்தேன். பஞ்சுதான். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. நன்றாக இருக்கிறது என்று நானாகவே சொன்னேன்.